தாய்வீடு வந்த பறவைகள்

அரையாண்டுத் தேர்வு முடியும் நாள் நெருங்கியதும் நம் இல்லங்களில் பிள்ளைகள் எழுப்பும் முதற்கேள்வி, "இந்த லீவுக்கு எங்கே போகிறோம்?" என்பதுதான். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் பள்ளி திறப்புக்கும் இடையே கிடைக்கும் அந்தச் சில நாள்களில், குடும்பமாகவோ பங்கின் இளைஞர் குழுவாகவோ ஒரு வேன் அமர்த்திக்கொண்டு புறப்படுவது இன்று எல்லா ஊர்களிலும் வழக்கமாகிவிட்டது. கொடைக்கானல், குற்றாலம், கன்னியாகுமரி என்று பட்டியல் மட்டும் ஆண்டுதோறும் மாறுவதில்லை. அப்பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாதவையும், ஆனால் சரியாக அதே நாள்களில் தம் முழு அழகோடு விளங்குபவையுமான சில இடங்களைப் பற்றி வாசகர்களுக்கு எழுத வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். நம் தமிழகத்தின் பறவைச் சரணாலயங்களைத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயரைச் சற்றுக் கவனிப்போம். சரணடைந்தோர் தங்கும் இல்லம் சரணாலயம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'சாங்க்சுவரி' என்னும் சொல், நம் கோவில்களில் பீடம் அமைந்துள்ள பகுதிக்கும் உரியது. இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமை அன்று. இடைக்கால ஐரோப்பாவில், துரத்தப்படுகிற ஒருவன் ஓடிவந்து கோவிலுக்குள் புகுந்துவிட்டால், அவனை உள்ளே நுழைந்து வலுவந்தமாக இழுத்துச் செல்லலாகாது என்ற சட்டம் இருந்தது. இங்கிலாந்தில் அவ்வுரிமை 17ஆம் நூற்றாண்டில் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் கோவிலின் அடைக்கல உரிமை தனியொரு விதியாகவே எழுதப்பட்டிருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அவ்விதி இல்லை. கோவிலின் சுவர் மிக உயரமாக இருந்ததால் அடைக்கலம் புகுந்தவன் பிழைத்தான் என்பதில்லை. துரத்தி வந்தவன் வாசலில் நின்றுவிட்டான், உள்ளிருந்தவர்கள் அவனுக்குச் சோறு போட்டார்கள், அதனால்தான் பிழைத்தான். பறவைச் சரணாலயம் என்பதும் அவ்வளவே. அங்கே மதில் இல்லை, கோட்டை இல்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களின் பொறுமைதான் வேலி.

இதற்கு வேடந்தாங்கலைக் காட்டிலும் நல்ல சான்று கிடையாது. சென்னையிலிருந்து தெற்கே செங்கற்பட்டைத் தாண்டி, படாளத்தில் மேற்கே திரும்பினால் வரும் சிற்றூர் அது. ஏரி பெரியதன்று, சுமார் 30 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 75 ஏக்கர்தான். வேடர்கள் தங்கி வேட்டையாடிய தாங்கல் என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். வேட்டைக்களமே பின்னாளில் அடைக்கலமானது. கும்பினியார் ஆட்சியில், அங்கு வந்த வெள்ளைச் சிப்பாய்கள் பொழுதுபோக்காகப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தியபோது, ஊரார் திரண்டு கலெக்டரிடம் முறையிட்டனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவர், ஏரிப் பறவைகளை எவரும் சுடலாகாது என்று அவர்களுக்கு 'கவுல்' எனப்படும் உறுதிச்சீட்டு அளித்தார். 1858இல் அவ்வுரிமை மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் வந்தது 1972இல். அதற்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள் ஓர் அரசாங்கத்திடம் வாதாடித் தம் பறவைகளுக்குப் பட்டயம் வாங்கியிருக்கிறார்கள்!

அவர்களுக்கு அதில் ஆதாயம் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஏரியின் நடுவே நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் விழுந்து கரைகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும்போது உரத்தையும் சுமந்துகொண்டே போகிறது. விஞ்ஞானிகள் நைட்ரஜன், பாஸ்பரஸ் என்று கணக்கிட்டுச் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே, பறவை தங்கிய ஏரித் தண்ணீரில் பயிர் கறுத்து வளரும் என்பது உழவனுக்குக் கண்கண்ட செய்தி. பறவைக்கு மரமும் நீரும், மனிதனுக்கு நெல். இருவருக்கும் ஏற்ற இந்த உடன்படிக்கையில் குறைகூற ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

சுற்றுலா வருவோரிடையே பரவியுள்ள ஒரு தவற்றை இங்கே திருத்திக்கொள்வது நல்லது. "இதெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் நம் ஊருக்கு வந்து முட்டையிடுகின்றன" என்று கரையில் நின்று பிள்ளைகளுக்கு விளக்குகிற தகப்பன்மாரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உண்மை வேறு. மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கூழைக்கடா ஆகிய யாவும் நம் நாட்டுப் பறவைகளே. மழையையும் நீரையும் தேடி இந்நாட்டுக்குள்ளேயே இடம் மாறுபவை. குளிருக்கு அஞ்சி வடக்கேயிருந்து வருகிற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை இங்கே இரைதேடிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றனவே அன்றி முட்டையிடுவதில்லை. கோடையில் தம் நாட்டிற்குத் திரும்பிய பின்னரே அவை குடும்பம் நடத்தும். ஆகவே ஏரியில் மிதப்பவரில் பலர் விருந்தாளிகள். மரத்தில் இருப்பவர் நம்மவர்.

அவசரமாக ஒரு சுற்றுச் சுற்றி, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்குச் சரணாலயம் ஏமாற்றத்தையே தரும். கரையின்மேல் ஓரிடத்தைத் தெரிந்துகொண்டு, ஒரே ஒரு மரத்தை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நத்தைகுத்தி நாரையின் அலகைப் பாருங்கள். மேலலகும் கீழலகும் நடுவில் பொருந்தாமல் இடைவெளி விட்டிருக்கும். வழுவழுப்பான நத்தையைக் கையாள அமைந்த கருவி அது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீருக்குள் வைத்து, அரிவாளால் புல் அறுப்பவனைப்போல இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டு நிற்கும். வாத்தின் இறகைப்போல அவற்றின் இறகு நீரைத் தள்ளுவதில்லை, நனைந்துவிடும். நனைவதனால்தான் அவை எளிதில் மூழ்கி மீன் பிடிக்க முடிகிறது. நண்பகல் வெயிலில் சங்குவளை நாரைத் தாய், கூட்டின் விளிம்பில் சிறகைக் குடைபோல் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தந்து நிற்கும் காட்சியைக் கண்ட பிள்ளைகள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். மாலை நான்கு மணிக்கு மேல், இரைதேடச் சென்றவையெல்லாம் வரிசை வரிசையாக வானத்தில் தோன்றி இறங்கத் தொடங்கும். அவை இறங்கும்போது, பகல் முழுவதும் உறங்கிக் கிடந்த வக்காக்கள் விழித்து வேலைக்குப் புறப்படும். ஒரே மரத்தில் இரவுப்பணிக்காரரும் பகற்பணிக்காரரும் இடம் மாற்றிக்கொள்ளும் அந்த அரைமணி நேரத்திற்காகவே வேடந்தாங்கலுக்குப் போகலாம்.

தென்மாவட்டத்தார்க்கு அவ்வளவு தொலைவு போக வேண்டிய தேவையில்லை. திருநெல்வேலிக்குத் தெற்கே, மூலைக்கரைப்பட்டியை அடுத்துள்ள கூந்தன்குளம் 1994ஆம் ஆண்டு முதல் சரணாலயமாக இருந்து வருகிறது. இதன் பரப்பு 129 ஹெக்டேர். வேடந்தாங்கலில் நாம் கரையில் நிற்க, பறவைகள் ஏரிக்குள் இருக்கின்றன. கூந்தன்குளத்திலோ அவை ஊருக்குள்ளேயே குடியிருக்கின்றன. தெருவோரத்துப் புளியமரத்தில், கொல்லைப்புறத்து வேம்பில், கூரைக்கு மேலே நீண்டிருக்கும் கிளையில் கூடுகள். கீழே ஒருவர் நெல் காயவைக்கிறார், மேலே நாரை குஞ்சுக்கு இரை கக்குகிறது. அங்கே சில மணி நேரம் இருந்தால் ஒன்று தெரியும்: இது பார்ப்பதற்கு எவ்வளவு இனிதோ அவ்வளவு குடியிருப்பதற்குக் கடினம். எச்சம் ஓட்டின்மேலும் கொடியில் காயும் துணியின்மேலும் விழுகிறது. பாதி தின்ற மீன் முற்றத்தில் விழுந்து அழுகுகிறது. குஞ்சுகளின் இரைச்சல் இரவிலும் ஓய்வதில்லை. இத்தனைக்கும் அவ்வூரார் தம் மரக்கிளைகளை வெட்டுவதில்லை. பறவைகள் இருக்கும் காலத்தில் வேட்டும் போடுவதில்லை. பறவை வந்தால் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. "தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பிள்ளைகள் மாதிரி, சாமி" என்று அவ்வூர் மூதாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்ட பால்பாண்டி என்னும் பறவைக் காவலரைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்தவர்கள் இருப்பீர்கள். அவர் கூந்தன்குளத்துக்காரரே.

கூந்தன்குளத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் தவறாமல் காண வேண்டிய பறவை ஒன்று உண்டு. பழைய கோவில்களில் நற்கருணைப் பேழையின் கதவிலோ பீடத்தின் முகப்பிலோ, தன் மார்பைத் தானே கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் ஒரு பறவையின் உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் 'பெலிக்கன்'. தூய தோமா அக்குவினாரின் நற்கருணைப் பாடலிலும் ஆண்டவர் இப்பறவையின் பெயரால் அழைக்கப்படுகிறார். அந்தப் பெலிக்கன் இனத்தைச் சேர்ந்ததே நம் கூழைக்கடா. நான்கைந்து கிலோ எடையும், அலகின் கீழே தொங்கும் தோல்பையுமாக, தரையில் பார்த்தால் நகைப்பூட்டும். வானத்தில் பார்த்தாலோ கப்பல் மிதப்பதுபோல் இருக்கும். இரத்தம் ஊட்டுவதாகச் சொல்வது முன்னோர் நம்பிய கதை. உண்மையில் நிகழ்வது யாதெனில், தாய் அலகைத் திறக்க, குஞ்சு தன் தலை முழுவதையும் தாயின் தொண்டைப் பைக்குள் நுழைத்து, அரைகுறையாகச் செரித்த மீனைத் தின்கிறது. தூரத்திலிருந்து பார்த்தவர்க்கு அது தாயின் உடலையே தின்பதுபோல் தோன்றியிருக்கக்கூடும். கதை பொய்த்துவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. தான் பசித்திருந்தும் பிடித்த மீனைத் தொண்டைக்குள் தேக்கி வைத்துக்கொண்டு பல மைல் பறந்து வரும் பறவை, பேழைக் கதவில் இருக்கத் தகுதியுள்ளதே.

அதே குளத்தில் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகளும் வந்து தங்குகின்றன. தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள் இருப்பதால் இப்பெயர். திபெத், மங்கோலியா நாடுகளின் உயர்ந்த ஏரிகளில் பிறந்து, இமயமலையைத் தாண்டி வருபவை. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இவை பறந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்துள்ளனர். அவ்வளவு தூரம் கடந்து வந்த களைப்பு ஏதும் தெரியாமல் நாங்குநேரி வட்டாரத்து வயலில் மேய்ந்துகொண்டிருக்கும்.

இனி, சொல்வதற்குச் சற்றுக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். இவ்வளவு பொறுமையோடு ஓர் ஊரார் காத்துவரும் இடத்திற்கு நாம் எப்படிப் போகிறோம்? ஒருமுறை எங்கள் பீடச் சிறுவர்களை அழைத்துக்கொண்டு ஒரு குளக்கரையில் நின்றிருந்தபோது, சுற்றுலாப் பேருந்து ஒன்று உச்சக்குரலில் திரைப்பாடலை ஒலித்துக்கொண்டே வந்து நின்றது. இறங்கியவர்களில் சிலர் பறவைகள் எழும்பிப் பறப்பதைப் படமெடுப்பதற்காகக் கைதட்டிக் கூச்சலிட்டனர். மரமே எழுந்ததுபோல் பறவைகள் கிளம்பின. "எவ்வளவு அழகு!" என்றார்கள். அந்த இரண்டு நிமிடத்தில், அதற்காகவே காத்திருந்த காக்கைகள் கூடுகளில் இறங்கியதை அவர்கள் பார்க்கவில்லை. எங்கள் சிறுவர்கள் பார்த்தார்கள். தாய்ப்பறவை எழும்பும்போது முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் பருந்துக்கும் திறந்து விடப்படுகின்றன. பறக்கத் தெரியாத குஞ்சு மிரண்டு விளிம்பிலிருந்து விழுந்தால், அதைத் தாய் தூக்கிச் சென்று கூட்டில் வைக்க இயலாது. மகள் பிரசவித்துப் படுத்திருக்கும் வீட்டினுள் நாம் மேளத்தோடு நுழைவதில்லை அல்லவா?

வேட்டுச் சத்தம் இதனினும் கொடியது. சிவகங்கை மாவட்டத்தில், மேலூரிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையருகே வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அக்கண்மாய்களை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பண்டிகை நாளில் குழந்தையின் கையில் மத்தாப்புக்கு மேல் ஒன்றும் கொடுக்காமல் இருப்பது எளிதன்று என்பதைப் பெற்றோர் அறிவர். நம் தென்மாவட்டப் பங்குகளிலோ, நள்ளிரவுத் திருப்பலியில் வானவர் கீதம் தொடங்கியதும் வெளியே சரவெடி கொளுத்துவது விழாவின் பகுதியாகவே ஆகிவிட்டது. டிசம்பர் 24 நள்ளிரவு என்பது கூடுகளில் முட்டையும் குஞ்சும் நிறைந்திருக்கும் காலம். நான் பணியாற்றும் பங்கில் ஆலயத்துக்கு இரண்டு பர்லாங்கு தொலைவில் ஒரு குளம் உண்டு. கருவேல மரங்களில் கொக்கும் அரிவாள் மூக்கனும் அடைகின்றன. சில ஆண்டுகளுக்கு முன், வெடியை நிறுத்திவிட்டு மணி மட்டும் அடிக்கலாமே என்று இளைஞர்கள் பங்குப் பேரவையில் கேட்டார்கள். பெரியவர்கள் ஒப்பவில்லை. "வெடி இல்லாத கிறிஸ்மஸ் துக்கவீடு மாதிரி இருக்கும் சாமி" என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவருடைய பிள்ளைப்பருவம் கழிந்திருக்கிறது. மூன்று கூட்டங்கள் பேசி, மணியை வழக்கத்தினும் இருமடங்கு நேரம் அடிப்பது என்று முடிவாயிற்று. இன்றும் அதில் மனத்தாங்கல் உள்ளவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆண்டு வானவர் கீதத்தின்போது மணி ஓய்ந்த இடைவெளியில் குளத்திலிருந்து கொக்குகளின் கரகரப்புக் கேட்டது என்று பாடகர் குழுவினர் சொன்னார்கள்.

வேளாங்கண்ணித் திருத்தலத்திற்குச் செல்லும் குடும்பங்கள், இன்னும் ஒரு பகல் கூடுதலாக ஒதுக்கினால் கோடியக்கரையையும் பார்த்துத் திரும்பலாம். வேதாரண்யத்திற்குத் தெற்கே நிலம் கடலுக்குள் மூக்கு நீட்டும் இடம். 1967இல் சரணாலயமானது. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் 2002இல் தமிழகத்திலிருந்து முதன்முதல் இடம்பெற்றதும் இதுவே. வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் அப்பட்டியலில் சேர 2022 வரை காத்திருந்தன. திருகுகொம்புடைய வெளிமான்கள் இங்குள்ள புல்வெளியில் மேய்கின்றன. ஆண்மான் கறுத்தும் பெண்மான் பழுப்பாகவும் இருக்கும். உப்பளத்தை ஒட்டிய ஆழமற்ற நீரில் பூநாரைகளும் எண்ணற்ற உள்ளான்களும் குளிர்காலத்தில் கூடும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுங்காலமாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் மெல்லிய உலோக வளையமிட்டுப் பறக்கவிட்டு, அவற்றின் பயண வழிகளை ஆராய்ந்து வருகின்றனர். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இக்காட்டின் மரங்களைப் பெருமளவில் சாய்த்துவிட்டது. அந்த நினைவோடு பார்க்கிறவர்க்கு, இன்று தழைத்து நிற்கும் ஒவ்வொரு பாலை மரமும் தனி மகிழ்ச்சி தரும்.

புறப்படும் குடும்பங்களுக்கு இரண்டொரு சொல். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடைகளைத் தவிர்த்து மங்கிய நிறத்தில் உடுத்திச் செல்லுங்கள். ஒரு பைனாகுலர் கடனாகக் கிடைத்தாலும் போதும். நான்கு பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கைப்பேசியால் தூரத்துப் பறவையைப் படமெடுக்க முயன்று பொழுதைக் கழிப்பதைவிட, நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, கண்ட பறவையின் அலகையும் காலையும் வரையச் சொன்னால் பிள்ளைகள் உண்மையிலேயே பார்ப்பார்கள். பறவைக்குத் தீனி எறியாதீர்கள். கொண்டுபோன உணவுப் பொட்டலத்தின் தாளையும் திரும்பக் கொண்டுவாருங்கள். வழிநெடுக எங்கேனும் கொக்குக்கறி என்று மறைவாக விற்றால் வாங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம் என்பது மட்டுமன்று, வாங்குபவன் இல்லையேல் கண்ணி வைப்பவனும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னரே அவ்வூரில் யாரிடமாவது, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பருவமழை பொய்த்த ஆண்டில் மரங்கள் வறண்ட தரையில் நிற்கும். நாயும் நரியும் எளிதில் அண்டும் மரத்தில் நாரை கூடு கட்டாது. அத்தகைய ஆண்டில் கூந்தன்குளத்தாரும் வேடந்தாங்கலாரும் நம்மைவிட அதிகமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோடியக்கரையின் மான்கள் மட்டும் எந்த ஆண்டும் எங்கும் போவதில்லை. காலை வெயில் ஏறுமுன் போனால் பார்க்கலாம்.